ஜார்ஜியாவில் மருத்துவம்: ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் நான் தங்கப் போன வீட்டில், முதல் நாள் இரவு, அந்த வீட்டுப் பையன் "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவனுடைய தாய்மாமன் வந்திருக்கிறார் போல என்று நினைத்தேன். வந்தவர் அவன் அப்பா. ஜார்ஜிய மொழியில் அப்பாவுக்குத்தான் மாமா என்று பெயர். அம்மா 'தேதா', பாட்டி 'பெபியா', தாத்தா 'பாபுவா'. அந்த வீட்டு பெபியாவிடம்தான் நான் பாதி மருத்துவம் கற்றேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

ஜார்ஜியாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கப் போகும் தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி தங்கும் இடம் பற்றித்தான். ஹாஸ்டலா, நாலு பேர் சேர்ந்து ஃபிளாட்டா, இல்லை ஒரு குடும்பத்தோடா? குடும்பத்தோடு என்றுதான் நான் சொல்வேன், செலவு குறையும் என்பதற்காக இல்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், புத்தகமும் ஆங்கிலம். ஆனால் நான்காம் ஆண்டில் வார்டுக்குள் நுழைந்ததும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஜார்ஜிய மொழி மட்டும்தான் தெரியும். நாலு தமிழர்களோடு ஃபிளாட்டில் இருந்தவர்கள் அந்தக் கட்டிலுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

முதலில் கல்லூரி, அப்புறம்தான் வீடு

வீட்டைப் பற்றிப் பேசும் முன் இதை முடித்துவிட வேண்டும். நீட் தேர்வில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் இந்தியாவில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பில்லை. தகுதி பெற்றிருந்தால் அந்த மதிப்பெண் வெளிநாட்டுச் சேர்க்கைக்கு 3 ஆண்டு செல்லும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-ல் வெளியிட்ட விதிகளை முழுதாகப் படியுங்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள், பெற்றோரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். சாரம் இதுதான்: படிப்பு ஆங்கிலத்தில், குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும். அதன்பின் அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டுக் குடிமகனுக்கு இணையாக அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமத்துக்கு உங்கள் பட்டம் தகுதியானதாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து, சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடிய வேண்டும். திரும்பி வந்து உரிமத் தேர்வு எழுதி, மறுபடி இங்கே 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்க வேண்டும்.

ஜார்ஜியாவில் படிப்பு 6 ஆண்டு, 360 கிரெடிட். அந்த 6 ஆண்டுக்குள் 54 மாதமும் 12 மாதமும் எப்படிப் பிரிகின்றன, உரிமத் தகுதி என்ன என்பதைப் பல்கலைக்கழகம் முத்திரையோடு எழுத்தில் தர வேண்டும். "எல்லாம் இருக்கும்மா, கவலைப்படாதீங்க" என்று வாயால் சொல்வது போதாது. நடுவில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடும் சேராதீர்கள். "அதே நிறுவனம்" என்ற சொல் விதியிலேயே இருக்கிறது.

இன்னொன்று. 2025 அக்டோபரில் ஜார்ஜிய அரசு அறிவித்த உயர்கல்விச் சீர்திருத்தத்தில், அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று. அதனால் அக்கா படித்தார், அண்ணன் படித்தார் என்று பழைய தகவலை வைத்துப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவரைச் சேர்க்கிறதா என்று அவர்களிடமே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

உரிமத் தேர்வைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 300 கேள்வி, தேற 150 வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அப்படி நடந்த பல தேர்வுகளில், எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தத் தேர்வில் நோயாளியின் கதையைச் சொல்லித்தான் பல கேள்விகள் வரும். வார்டில் நோயாளியோடு பேசியவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே பழகியதாக இருக்கும்.

காகிதங்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களுக்கு மாநில அளவில் சரிபார்ப்பு, அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். இந்தியா, ஜார்ஜியா இரண்டுமே அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரக முத்திரை தனியாக வேண்டாம். ஜார்ஜிய மொழிபெயர்ப்பும் நோட்டரியும் தேவைப்படும். சேர்க்கை உறுதியாக, ஜார்ஜியக் கல்வி அமைச்சகத்தின் ஆணை வர வேண்டும். விசா வகை டி3.

அங்கே போனதும் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடம் பப்ளிக் சர்வீஸ் ஹால். திபிலீசியில் ஆற்றங்கரையில் வெள்ளைக் காளான்கள் கூட்டமாக முளைத்தது போல ஒரு கட்டடம், தவறவே விட முடியாது. சட்டப்படி தங்கும் காலம் முடிவதற்குக் குறைந்தது 40 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தத் தேதியைப் பார்த்து, 60 நாள் முன்னால் ஃபோனில் அலாரம் வையுங்கள். செமஸ்டர் தேர்வு மும்முரத்தில் இதை மறந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் காகிதங்களையும் இரண்டு செட் நகல் எடுத்து ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி எந்தப் பல்கலைக்கழகம், எங்கே தங்குகிறாய் என்று கேட்பார். ஃபோனில் தேடிக்கொண்டு நிற்காமல், தாளை எடுத்து நீட்டுங்கள்.

வீடு தேடுவது

இங்கேதான் நான் தவறு செய்தேன். ஊரிலிருந்தபடியே ஓர் ஏஜென்ட் மூலம் "குடும்பத்தோடு அறை" என்று பேசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாக அனுப்பினோம். போய்ப் பார்த்தால் அது கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்த இடம். ஜன்னல் இல்லை. குடும்பம் என்று சொன்னது வாடகை வாங்க மட்டும் வரும் ஒருவர். அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

அதனால் என் யோசனை இது: முதல் மூன்று நான்கு வாரம் ஹாஸ்டலிலோ சீனியர்களோடோ தங்குங்கள். ஊரிலிருந்து ஒரு பைசா அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். அந்த வாரங்களில் வீடு தேடுங்கள். ஜார்ஜியாவில் மாணவரை வீட்டோடு வைத்துக்கொள்வதற்குப் பெரிய அமைப்பு எதுவும் நடுவில் தேவையில்லை. பிள்ளைகள் வேலைக்கு வெளிநாடு போய்விட்ட வீடுகளில் ஓர் அறை காலியாக இருக்கும். தனியாக இருக்கும் பாட்டிக்குத் துணையும் கொஞ்சம் வருமானமும் வேண்டும். உங்கள் ஜார்ஜிய மொழி ஆசிரியையிடம் கேளுங்கள். எனக்கு அவர்தான் வீடு பார்த்துத் தந்தார், அவருடைய பக்கத்துக் கட்டடத்திலேயே.

பகுதியைப் பொறுத்தவரை, திபிலீசி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குச் சபுர்த்தாலோ வசதி. மெடிக்கல் யுனிவர்சிட்டி, டெலிசி, வாஷா ஃப்ஷவேலா என்று வரிசையாக மெட்ரோ நிலையங்கள். வேறு பல்கலைக்கழகமானால், வகுப்பு நடக்கும் கட்டடத்தை மட்டும் பார்க்காதீர்கள். நான்காம் ஆண்டிலிருந்து போக வேண்டிய ஆஸ்பத்திரிகள் எங்கே என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது மாலையில் போங்கள், குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் நேரத்தில். அறையைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மீதி நேரம் அவர்களோடு தேநீர் குடியுங்கள். அவர்கள் உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா என்று கவனியுங்கள். அப்பா என்ன செய்கிறார், எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், சாப்பிட்டாயா என்று கேட்கிற வீடு நல்ல வீடு. வாடகையைத் தவிர வேறெதுவும் கேட்காத வீட்டில் நீங்கள் வாடகைக்காரர்தான், அங்கே மொழி வராது. பெண் பிள்ளைகள் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். கேட்கக் கூச்சமே படாதீர்கள், நல்ல குடும்பம் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

எழுதிக்கொள்ள வேண்டியவை

அன்பான குடும்பம் என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் குடியேறாதீர்கள். அன்பு கெட்டுப்போகாமல் இருப்பதற்கே அந்தத் தாள். வாடகை லாரியிலா (ஜார்ஜிய நாணயம்) டாலரிலா, சாப்பாடு சேர்த்தா, குளிர்கால காஸ் பில்லை எப்படிப் பங்கிடுவது, கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் வாடகை உண்டா, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இந்த ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். குளிர்கால பில்லைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஹீட்டர் ஓடும். பேசி வைக்காத வீடுகளில் சண்டை வந்தால் பெரும்பாலும் அதனால்தான் வரும். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். ரசீது கேட்டால் பெரியவர்கள் மனம் சங்கடப்படலாம், வங்கிக் கணக்கில் அந்தப் பிரச்சினை இல்லை.

எழுத முடியாத சிலவற்றை வாயால் பேசிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு நேரம் திபிலீசி நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அம்மா காலை 6 மணிக்குக் கோலம் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் அங்கே 4.30. சுவர்கள் மெல்லியவை. ஊரில் இருப்பவர்களுக்கு இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

ஹீட்டர்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

பழைய வீடுகளில் சூடேற்றுவதும் வெந்நீர் வைப்பதும் காஸில்தான். காஸ் சரியாக எரியாமலோ புகை வெளியே போகாமலோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அறையில் நிறையும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2024 டிசம்பரில் குடௌரி மலை வாசஸ்தலத்தில் ஒரே இரவில் 12 பேர் இப்படி இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அங்கே ஓர் இந்திய உணவகத்தில் வேலை பார்த்தவர்கள். மூடிய இடத்தில் ஓடிய ஜெனரேட்டர்தான் காரணம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி உங்கள் அறையில் வையுங்கள். முடிந்தால் பெபியாவின் அறையிலும் ஒன்று. ஹீட்டரின் புகைக்குழாய் சுவர் வழியாக வெளியே போகிறதா என்று வீடு பார்க்கும்போதே பாருங்கள். குளிர் அதிகம் என்று ஜன்னல் இடுக்கை எல்லாம் டேப் ஒட்டி அடைக்காதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் சளிக்காய்ச்சல் என்று படுக்காமல், எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் 112-ஐ அழையுங்கள்.

முதல் வாரங்கள்

செருப்பை வாசலில் விடுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே வெறுங்காலோடு நடந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்குள் போடும் செருப்பு ஒன்றை நீட்டுவார்கள். போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தலையோடு வெளியே போனால் பெபியா நம் பாட்டியைவிட அதிகம் திட்டுவார். எதிரெதிர் ஜன்னல் வழியாக வரும் காற்றுக்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு, 'ஓர்பிரி கரி', இரண்டு வாய்க் காற்று. எல்லா நோயும் அதனால் வருகிறது என்று நம்புவார்கள். உடலியங்கியல் பாடம் எடுத்து வாதாடாதீர்கள். எழுந்து ஜன்னலைச் சாத்துங்கள்.

சமையலறைதான் முதல் சோதனை. என் குக்கரின் முதல் விசில் கேட்டு பெபியா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். முன்பே குக்கரைக் காட்டி, இது இப்படிக் கத்தும் என்று சொல்லியிருக்க வேண்டும். மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் சமையல், மற்ற நாள் அவர்கள் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நிம்மதி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜார்ஜியாவைக் கண்டு பயப்பட வேண்டாம். மண்சட்டியில் வரும் பீன்ஸ் 'லோபியோ', பூண்டும் அரைத்த வால்நட்டும் தடவிய கத்தரிக்காய் 'பத்ரிஜானி', கீரையும் வால்நட்டும் பிசைந்த 'ப்ஹாலி', சீஸ் ரொட்டி 'ஹாச்சாபூரி', மக்காச்சோள ரொட்டி 'ம்ச்சாதி'. கொத்தமல்லி மூலைக்கு மூலை கிடைக்கும். அவர்கள் மசாலாவில் வெந்தயத்தின் உறவான ஒரு விதை இருக்கிறது, அந்த வாசனை எனக்கு வீட்டுக் குழம்பை ஞாபகப்படுத்தியது. 'ஸமர்ஹ்வோ' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விரத உணவு என்று பொருள், இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. "நான் வெஜிடேரியன்" என்றால் கோழியைக் கொண்டு வந்து வைக்கும் இடங்கள்கூட, இந்தச் சொல்லைக் கேட்டதும் புரிந்துகொள்ளும்.

மொழி: இதற்காகத்தான் இந்த வீடு

ஜார்ஜிய எழுத்துகள் 33. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லை. எழுதியபடியே படிக்கலாம். விமானம் ஏறும் முன்பே இரண்டு வாரத்தில் எழுத்தை முடித்துவிடுங்கள், கடைப் பலகையும் மருந்துச் சீட்டும் உடனே கண்ணுக்குத் திறக்கும்.

உச்சரிப்புதான் கடினம். நம் 'க'வை அவர்கள் பல விதமாகப் பிரிப்பார்கள். 'கரி' என்றால் கதவு, 'கரி' என்றால் காற்று. கதவு என்று சொல்லத் தொண்டையை இறுக்கி மூச்சு விடாமல் வெடிக்க வேண்டும். காற்றுக்கு மூச்சோடு சொல்ல வேண்டும். நான் மூன்று மாதம் "காற்றைச் சாத்துங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பெபியா ஒவ்வொரு முறையும் தன் தொண்டையில் என் விரலை வைத்துச் சொல்லிக் காட்டுவார். வகுப்பறையில் யாரும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள்.

எண்களும் சுற்றிவிடும். இருபது இருபதாக எண்ணுவார்கள். 40 என்பது இரண்டு இருபது, 60 மூன்று இருபது. 77 என்று சொல்ல 'மூன்று இருபதும் பதினேழும்' என்பார்கள். நோயாளியின் வயதும் நாடித்துடிப்பும் இப்படித்தான் காதில் விழும். நான் பெபியாவோடு காய்கறிச் சந்தைக்குப் போய் விலை கேட்டுக் கேட்டுத்தான் இதைப் பிடித்தேன்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களிடமும் உண்டு: 'ஷென்', 'த்க்வென்'. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கு எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நோயாளியிடம் எப்போதும் 'த்க்வென்'. வயதில் மூத்த பெண்ணைப் பெயருக்கு முன்னால் 'கல்பதோனோ' என்றும், ஆணை 'பதோனோ' என்றும் மரியாதை சேர்த்துக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்தப் பாதி மருத்துவத்துக்கு வருகிறேன். பெபியாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மூன்றாம் ஆண்டில் நான் ஒரு பி.பி. கருவி வாங்கினேன். தினமும் இரவு அவர் நாற்காலியில் உட்காருவார், நான் நோயாளியிடம் பேசுவது போலவே தொடங்குவேன். "ரா கட்ஸுஹெப்த்?" உங்களுக்கு என்ன தொந்தரவு? "ஸாத் க்ட்கிவாத்?" எங்கே வலிக்கிறது? "ரோதிஸ் தாய்ட்ஸ்கோ?" எப்போது தொடங்கியது? அவர் முதலில் ஒழுங்காகப் பதில் சொல்வார், அப்புறம் கதைக்குப் போய்விடுவார். தலைவலி என்று தொடங்கி, இறந்துபோன கணவர், இத்தாலியில் வேலை பார்க்கும் மகள், பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் என்று ஓடும். நோயாளிகளும் அப்படித்தான் பேசுவார்கள். அந்தக் கதைக்குள்ளிருந்து நோயை எடுக்கப் பழகியது அந்த நாற்காலியில்தான். ரத்த அழுத்தம் 'த்ஸ்னேவா', இருமல் 'ஹ்வேலா', காய்ச்சல் 'ஸிட்ஸ்ஹே'. வெயிலின் சூட்டுக்கும் அதே சொல்தான்.

ஆனால் ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள். அளந்து எழுதிவைக்கலாம், டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்று நினைவூட்டலாம். மாத்திரையை மாற்றச் சொல்வதோ, நிறுத்தச் சொல்வதோ நம் வேலை இல்லை. வீட்டில் ஒரு டாக்டர் பிள்ளை இருக்கிறது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எல்லாம் மருந்துப் பையோடு வருவார்கள். "நான் மாணவி, டாக்டரிடம் கேளுங்கள்" என்ற வாக்கியத்தை ஜார்ஜிய மொழியில் முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

ரஷ்ய மொழியைக் கற்றால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வயதானவர்கள் பலருக்கு ரஷ்ய மொழி தெரியும், உண்மை. ஆனால் 2008-ல் ரஷ்யாவோடு போர் நடந்த நாடு அது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவிலிருந்து வீடு வாசல் விட்டு ஓடி வந்த குடும்பங்கள் திபிலீசியில் ஏராளம், நீங்கள் தங்கும் வீடே அப்படி ஒன்றாக இருக்கலாம். ஜார்ஜிய மொழியில் திக்கித்திக்கிப் பேசுகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பு, சரளமான ரஷ்ய மொழிக்குக் கிடைக்காது.

விருந்தும் பண்டிகையும்

விருந்துக்கு 'ஸுப்ரா' என்று பெயர். 'தமதா' என்ற ஒருவர் தலைமை தாங்கி ஒவ்வொன்றையும் வாழ்த்திப் பேசுவார்: நாடு, பெற்றோர், இறந்தவர்கள், குழந்தைகள். அவர் பேசி முடிக்கும் முன் கோப்பையைத் தொடாதீர்கள். வைன் அவர்களுக்கு 8,000 ஆண்டுப் பழக்கம், விருந்தாளிக்கு ஊற்றுவது மரியாதை. குடிக்காதவர்கள் முதல் கோப்பைக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பழச்சாற்றை உயர்த்தினால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முதலில் கொஞ்சம் குடித்துவிட்டு நடுவில் மறுப்பதுதான் சங்கடத்தில் முடியும். உங்களையும் பேசச் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மாவைப் பற்றி இரண்டு வாக்கியம் ஜார்ஜிய மொழியில் தயார் செய்து வையுங்கள், மேசையே எழுந்து நிற்கும்.

புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் 'மெக்வ்லே'. அவர் ராசியைப் பொறுத்து அந்த ஆண்டு அமையும் என்பார்கள். இரண்டாம் வருஷம் பெபியா என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரச் சொன்னார். கையில் மிட்டாய் கொடுத்து வீட்டுக்குள் தூவச் சொன்னார். நம் ஊரில் மருமகளுக்குச் செய்வதை எனக்குச் செய்கிறார்களே என்று அழுதுவிட்டேன். கிறிஸ்துமஸ் அங்கே ஜனவரி 7. ஈஸ்டருக்கு முன் தட்டில் கோதுமை முளைக்கவைத்துப் பச்சையாக வளர்ப்பார்கள், அசல் முளைப்பாரிதான். நான் எங்கள் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரிப் படத்தை ஃபோனில் காட்டியபோது, பெபியா என்னை அக்கம்பக்கம் முழுக்கக் கூட்டிப்போய் அதைக் காட்டினார்.

நம் பண்டிகையையும் விடாதீர்கள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் வைத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுங்கள். வெல்லத்தை ஊரிலிருந்தே கொண்டு போகலாம்.

மனக்கசப்பு வந்தால்

வரத்தான் செய்யும். பெரும்பாலும் அக்கறையின் மிகுதியால் வரும். ஏன் இவ்வளவு நேரம், யாரோடு பேசுகிறாய், ஏன் சாப்பிடவில்லை என்று. தேர்வு நாட்களில் எனக்கு இது பாரமாக இருந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அறைக்குள் இருந்துவிட்டேன், இரண்டு நாள் வீடே பேசவில்லை. பிறகு தேர்வு அட்டவணையைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். சிவப்பு வட்டம் போட்ட நாட்களில் பெபியா தொலைக்காட்சியையே போடவில்லை. மொழி போதாதபோது எழுதிக் காட்டுங்கள்.

அரசியல் பேச்சில் கேட்பவராக மட்டும் இருங்கள். தெருவில் போராட்டம் நடந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம், உங்கள் குடியிருப்பு அனுமதியே சிக்கலாகலாம். ஸ்டாலின் பிறந்த கோரி நகரம் திபிலீசியிலிருந்து பக்கம்தான். நம் ஊரில் அந்தப் பெயர் எவ்வளவு சாதாரணம் என்று சொன்னால் வியப்பார்கள். சில வீடுகளில் அந்தப் பெயரால் குடும்பத்தையே இழந்தவர்கள் இருப்பார்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

கையை ஓங்குவது, அறைக்குள் அனுமதியில்லாமல் நுழைவது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, இவற்றில் எது நடந்தாலும் பொறுத்துப் போகாதீர்கள். அன்றே சீனியர்களிடம் போய்விடுங்கள், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு எழுதுங்கள், தேவையானால் 112.

கிளம்பும்போது

பட்டம், எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் கையில் வாங்கி, அப்போஸ்டிலை ஜார்ஜியாவிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். ஊருக்கு வந்தபின் அங்கிருந்து ஒரு முத்திரை வாங்குவது பெரும்பாடு. அறையை வெள்ளையடித்துத் தர வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் வந்த நாளில் இருந்ததுபோல் வைத்துவிட்டு, பில் பாக்கிகளைத் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜார்ஜியப் பாட்டிகள் பேரப்பிள்ளையையும் 'பெபியா' என்றே கூப்பிடுவார்கள், தம் உறவுப் பெயரையே பிள்ளைக்கும் சூட்டுவது அவர்கள் வழக்கம். கூடவே 'கெனட்ஸ்வாலே' என்பார்கள். உனக்கு வரும் துன்பம் எனக்கு வரட்டும் என்று பொருள். உரிமத் தேர்வு முடிவு வந்த அன்று நான் அம்மாவுக்கு அடுத்ததாக அழைத்த எண் அவருடையதுதான். அவருக்கு மெசேஜ் படிக்க வராது, அழைக்கத்தான் வேண்டும். அங்கே மாலை 6 மணி என்றால் நமக்கு 7.30. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்தில் பி.பி. கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.